ஸபருக்கு முன் ஒரு கைப்பை



'ஸபாரி' என்றதும் சிங்கமும் யானையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தச் சுவாஹிலிச் சொல், நாம் அன்றாடம் சொல்லும் 'ஸபர்' என்ற அறபுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். ஸபர் என்றால் ஆயத்தம் வேண்டும். அந்த ஆயத்தத்தில் நான் விட்ட ஒரு தவறை இம்மாதம் சொல்கிறேன். உங்களில் ஒருவருக்காவது உதவும், இன்ஷா அல்லாஹ்.

நைரோபியில் தொழில் பார்க்கும் என் தம்பியின் வீட்டுக்கு நான், கணவர், மாமி, ஐந்து வயது மகள் நால்வரும் போயிருந்தோம். கென்யாவின் மசாய் மாராவும் தன்சானியாவின் செரங்கெட்டியும் ஒரே காடு, ஒரே புல்வெளி. ஒன்றைப் பார்த்துவிட்டு அப்படியே மற்றதற்குள் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தோம். முடியாதாம். 1977இல் இரு நாடுகளும் பிணங்கி எல்லையை மூடின. 1983இல் மற்ற வழிகள் திறந்தபோதும், மாராவையும் செரங்கெட்டியையும் இணைக்கும் அந்த வாசல் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்படவில்லை. மேற்கே இஸபேனியா வழியாகவோ கிழக்கே நமங்கா வழியாகவோ சுற்றித்தான் போக வேண்டும்.

நாங்கள் நமங்காவைத் தேர்ந்தோம். நைரோபியிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீற்றர். கென்ய வாகனம் அங்கேயே நின்றுவிட, அருஷாவிலிருந்து வரும் தன்சானிய வாகனத்தில் மாறி ஏற வேண்டும். இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் வேலை இலகு என்று தம்பி சொல்லியிருந்தார்.

இலகுவாகத்தான் இருந்தது, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கேட்கும் வரை. கென்யாவிலிருந்து தன்சானியாவுக்குள் நுழைபவர்கள் அதைக் காட்டியே ஆக வேண்டும். எங்கள் மூவருடையதும் இருந்தது. மகளுடையது இல்லை. அது நைரோபியில், நான் கடைசி நிமிடத்தில் மாற்றி வைத்த கைப்பைக்குள் கிடந்தது.

தம்பியின் மனைவி அதைத் தேடி எடுத்து, ஒரு வாகனத்தில் கொடுத்தனுப்பினார். ஐந்து மணித்தியாலம் காத்திருந்தோம். ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். மாமி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

பக்கத்து நிழலில் பாசிமணி மாலைகள் விற்கும் மசாய்ப் பெண்ணொருத்தி உட்கார்ந்திருந்தாள். தம்பி சுவாஹிலியில் பேச்சுக் கொடுத்தார். அவளுடைய தாய்வீடு தன்சானியாப் பக்கம், கட்டிக் கொடுத்தது கென்யாப் பக்கமாம். 1886இல் ஆங்கிலேயரும் ஜேர்மனியரும் தமக்குள் பேசிக் கீறிய கோடு அது. அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் மசாய் மக்கள் ஒரே மொழி பேசி வாழ்கிறார்கள்.

"உம்மாட ஊட்டுக்குப் போறதுக்கும் கடதாசி கேக்கிற காலம், மகள்" என்றார் மாமி.

அட்டை வந்தது, அல்ஹம்துலில்லாஹ். மூன்று நாட்களின் பின் செரங்கெட்டியின் வடக்கே மாரா ஆற்றங்கரையில் நின்றோம். காட்டு மாடு போன்ற வில்டபீஸ்ட் கூட்டம் முதலைகளுக்கு அஞ்சாமல் ஆற்றில் பாய்ந்தது. ஏறக்குறைய 13 இலட்சம் வில்டபீஸ்ட்களும், கூடவே இலட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மழையையும் புல்லையும் தேடி வருடா வருடம் இப்படிச் சுற்றி வருகின்றன. ஆண்டின் தொடக்கத்தில் செரங்கெட்டியின் தெற்கே கன்று ஈன்று, ஜூலை தொடக்கம் ஒக்டோபர் வரை மாராப் பக்கம் மேய்ந்து திரும்பும். அவற்றுக்கு ரிஸ்கு அளப்பவன் எல்லை கேட்பதில்லை. கென்யா அந்தா தெரிகிறது. நாங்களோ வந்த வழியே நமங்காவுக்குத் திரும்ப வேண்டும்.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்:

தடுப்பூசி ஏற்றி 10 நாட்களின் பின்பே அட்டை செல்லுபடியாகும். ஆகவே கடைசி நாளில் ஓடாதீர்கள். ஒருமுறை ஏற்றினால் ஆயுள் முழுதும் செல்லும் என்பது 2016இலிருந்து உள்ள விதி. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், 60 வயது கடந்தவர்களும் கட்டாயம் வைத்தியரிடம் கேட்ட பின்பே ஏற்ற வேண்டும். நாடு திரும்பும்போது கட்டுநாயக்கவிலும் அட்டை கேட்கப்படலாம்.

கென்யா, உகண்டா, ருவண்டா மூன்றுக்கும் சேர்த்து 2014இலிருந்து ஒரே சுற்றுலா வீசா உண்டு. தன்சானியா அதில் இல்லை. எல்லை தாண்டிவிட்டு மீண்டும் கென்யாவுக்குள் வர அனுமதி உண்டா என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

உடுப்புகளைச் 'சொப்பிங் பேக்'கில் சுற்றும் நமது பழக்கம் அங்கு ஆகாது. பொலித்தீன் பைகளைக் கென்யா 2017இலும் தன்சானியா 2019இலும் தடை செய்துவிட்டன. சீலைப் பை கொண்டு போங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டார் அனைவரின் கடவுச்சீட்டும் அட்டைகளும் ஒரே கைப்பையில் இருக்கட்டும். அந்தக் கைப்பை ஒருவரின் பொறுப்பில் இருக்கட்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் அல்லவா நம்முடையது? அன்று நான் கட்ட மறந்துவிட்டேன்.