காருக்கு ஒன்று, நடந்து போகிறவருக்கு சைபர்

ஓர் ஊரில் பெரிய வணிக வளாகமோ, தொழிற்பூங்காவோ, விமான நிலையமோ வரப்போகிறது என்றால், அதனால் அங்குள்ள சாலைகளுக்கும் சந்திப்புகளுக்கும் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு ஓர் அறிக்கை எழுதுவார்கள். போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு என்று அதற்குப் பெயர். என் முனைவர் பட்ட ஆய்வு இந்த அறிக்கைகளைப் பற்றியது. களம் காஞ்சிபுரம். மூங்கில் மண்டபம் சந்திப்பிலும் காந்தி சாலையிலும் தாளும் பேனாவுமாக நின்று வண்டிகளை எண்ணியிருக்கிறேன். அதிலிருந்து ஒன்றைச் சொல்ல முடியும்: இந்த அறிக்கைகளில் சாதி இருப்பதற்கு, எழுதுகிறவர் மனதில் சாதி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது எண்ணும் முறையிலேயே இருக்கிறது.

அறிக்கை எப்படித் தயாராகிறது என்று முதலில் பார்ப்போம். திட்டத்தைச் சுற்றியுள்ள சந்திப்புகளில் ஆட்களையோ கேமராவையோ நிறுத்தி, எந்தத் திசையிலிருந்து வரும் வண்டி எந்தத் திசைக்குத் திரும்புகிறது என்று எண்ணுவார்கள். திட்டம் வந்தபின் கூடுதலாக எத்தனை வண்டிகள் வரும் என்று அனுமானிப்பார்கள். இரண்டையும் கூட்டி, சாலையின் கொள்ளளவோடு ஒப்பிட்டு, ஏ முதல் எஃப் வரை தரம் போடுவார்கள். ஏ என்றால் வண்டி தடையின்றி ஓடும். எஃப் என்றால் நெரிசலில் நிற்கும். தரம் குறைந்தால் சாலையை அகலப்படுத்து, சிக்னல் போடு, மேம்பாலம் கட்டு என்று பரிந்துரை வரும். இந்த அறிக்கையை எழுதும் ஆலோசனை நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பவர் பெரும்பாலும் திட்டத்தின் சொந்தக்காரரே.

எண்ணுவதற்கு ஓர் அலகு வேண்டுமே? அந்த அலகு கார். இந்திய சாலைகள் காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட நகரச் சாலைகளுக்கான வழிகாட்டுதலில், ஒரு கார் என்பது 1. இருசக்கர வண்டி 0.5 அல்லது 0.75. மிதிவண்டி 0.4 அல்லது 0.5. பேருந்து 2.2 முதல் 3.7 வரை. கைவண்டி 2 அல்லது 3. சாலையில் அந்த வகை வண்டி எவ்வளவு விகிதம் இருக்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். நடந்து போகிறவருக்கு இந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது.

ஒரு பேருந்தில் அறுபது பேர் போகிறார்கள். அதே அளவு இடத்தை அடைக்கும் மூன்று நான்கு கார்களில் ஏழெட்டுப் பேர் போனாலே அதிகம். ஆனால் பட்டியலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்று. அறுபது மனிதர்கள் அங்கே பதிவாகவில்லை. காரின் வழியை அடைக்கும் 3.7 அளவு இடையூறு மட்டும் பதிவாகிறது. மூட்டை ஏற்றிய கைவண்டியைத் தள்ளும் தொழிலாளி, மூன்று கார் அளவுக்குத் தொந்தரவு. இப்படி எண்ணினால் தீர்வும் அதற்கேற்பத்தான் வரும்: கைவண்டியை அகற்று, நடைபாதையைச் சுருக்கு, காருக்கு வழி விடு. பொறியியலில் இது தவறில்லை என்று என் துறை நண்பர்கள் சொல்வார்கள். அளவுகோலுக்குத் தவறு செய்யத் தெரியாதுதான். ஆனால் எதை அளக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் மனிதர்கள்.

எப்போது எண்ணுகிறார்கள் என்பதும் முக்கியம். வழக்கமாக ஒரு சாதாரண வேலைநாளில், காலையிலும் மாலையிலும் உள்ள உச்ச நேரங்களில் எண்ணுவார்கள். காஞ்சிபுரத்தில் சாதாரண நாள் எது? முகூர்த்த நாளை ஒட்டிப் பட்டுக்கடைகளுக்கு வெளியூர் கார்கள் காந்தி சாலையை நிறைக்கும்போது, சாதாரண நாளின் எண் பொய்யாகிவிடுகிறது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை அன்று நகரமே வேறு நகரம். இன்னொரு பக்கம், விடியும் முன்பே திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளின் ஷிப்ட் பேருந்துக்காகக் கிராமச் சாலை முனைகளில் நிற்கும் இளைஞர்களும் பெண்களும் உச்ச நேரக் கணக்குக்குள் வரவே மாட்டார்கள். இரவு ஷிப்ட் முடிந்து இருட்டில் இறங்கி நெடுஞ்சாலையைக் கடப்பவர்களும் அப்படியே. நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி வேலை செய்வார்கள். அந்தத் தெரு ஒரு பணிமனை. அறிக்கையில் அது இத்தனை மீட்டர் அகலமுள்ள இணைப்புச் சாலை.

அரசால் மனிதர்களை எண்ண முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் அத்திவரதர் வைபவம் நடந்தது. ஒரு கோடிப் பேர் வந்ததாக அரசே கணக்குச் சொன்னது. அதற்காக நகரத்துக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைத்தார்கள், அங்கிருந்து கோயிலுக்குப் பேருந்து விட்டார்கள், தடுப்புகளால் தெருக்களை மாற்றினார்கள். குறைகளும் நெரிசல் மரணங்களும் இருந்தன. ஆனாலும் நடந்து வரும் மனிதரை மையமாக வைத்து ஒரு நகரத்தின் போக்குவரத்தையே மாற்றியமைக்க இந்த அரசு இயந்திரத்தால் முடியும் என்று அந்த 48 நாட்கள் நிரூபித்தன.

அதே ஆகஸ்ட் மாதம், காஞ்சிபுரத்தை ஒட்டி ஓடும் அதே பாலாற்றின் மேற்பகுதியில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் இறந்துபோன ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஆற்றுக்குள் இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி ஆதிக்கச் சாதியினர் நிலத்தின் ஊடே போனது. அங்கே வழி விடவில்லை. அந்தக் காணொளியை நாடே பார்த்தது. பாலம் இருந்தது. பாலத்தின் மேல் வண்டிகள் ஓட வழி இருந்தது. பாலத்தின் கீழே போக வேண்டியவர்களுக்கு வழி இருக்கிறதா என்ற கேள்வி எந்தக் கணக்கிலும் இடம்பெறவில்லை.

சாலையில் நடக்கும் உரிமைக்காகவே போராட வேண்டியிருந்த மண் இது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலைகளிலும் தெருக்களிலும் பொதுக் கிணறுகளிலும் யாருக்கும் தடை கூடாது என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகப் போராட்டம் தொடங்கி, பெரியார் சிறை சென்றார். ஒரு நூற்றாண்டு கழித்து, நடக்கலாம் என்ற உரிமை சட்டத்தில் இருக்கிறது. நடப்பவரைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற கடமை கணக்கெடுப்பில் இல்லை.

விளைவு என்ன? 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. வயது, பாலினம், வண்டி வகை என்று எல்லாம் பிரித்துக் காட்டும் அந்த ஆண்டறிக்கையில் சாதி கிடையாது. சிறையில் இருப்பவர்களின் சாதியைக் கணக்கெடுத்து ஆண்டுதோறும் வெளியிடும் ஓர் அரசு, சாலையில் சாகிறவர்களின் சாதியைக் கேட்பதில்லை. நெடுஞ்சாலைக்கு ஒரு பக்கம் ஊரும் மறு பக்கம் சேரியும், பள்ளியும் ரேஷன் கடையும் ஊர்ப் பக்கமும் இருக்கும் இடங்களில், ஒரு நாளைக்கு எத்தனை முறை யார் சாலையைக் கடக்கிறார்கள் என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

உழைக்கும் மக்கள் சாலைக் கணக்குக்குள் வரும் ஒரே தருணம், அவர்கள் சாலையை மறிக்கும் தருணம். 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்கு நியாயம் கேட்டு, அவர்களின் தோழிகள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். அன்றைக்கு அந்தப் பெண்கள் செய்தியானார்கள்: போக்குவரத்து பாதிப்பு என்று. தினமும் அதே சாலையில் பேருந்து பேருந்தாக அவர்கள் போய்வந்தது எந்த நாளும் செய்தியாகவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானங்கள் முன் அனுமதி பெற வேண்டும். அதற்கான படிவத்தில் போக்குவரத்து பற்றிய கேள்வி காற்றுச் சூழல் என்ற தலைப்பின் கீழ் வருகிறது. முதலில் கேட்பது, வண்டி நிறுத்த இடத்துக்குப் பற்றாக்குறை வருமா என்பதை. இந்தக் கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து அதே அறிவிக்கை விலக்கு அளிக்கிறது. ஆக, ஒரு தெருவின் தலையெழுத்தை மாற்றும் அறிக்கையை அந்தத் தெருவில் வாழ்பவர் பார்க்காமலே திட்டம் அனுமதி பெற்றுவிடும்.

நிலம் எடுப்பதிலும் இதே கதைதான். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு அரசு மூன்று மாநிலச் சட்டங்களை அதிலிருந்து விலக்கி வைத்தது. அரிஜன நலத் திட்டங்களுக்கான 1978ஆம் ஆண்டுச் சட்டம், தொழில்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம், நெடுஞ்சாலைகளுக்கான 2001ஆம் ஆண்டுச் சட்டம். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றி அவற்றை மீட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பட்டியலின மக்களுக்கு மனை கொடுக்க வந்த சட்டமும், நெடுஞ்சாலைக்காக வாசலை எடுத்துக்கொள்ளும் சட்டமும் ஒரே விலக்கின் கீழ் நிற்கின்றன. எளிய மக்களின் பெயரைச் சொல்லி வாங்கிய விரைவு, கடைசியில் யாருக்குப் பயன்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

பரந்தூர் இதற்குக் கண்முன் உள்ள சாட்சி. 2022இல் அறிவிக்கப்பட்ட விமான நிலையத்துக்கு 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் தேவை என்கிறார்கள். ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகளைக் கையாளும் திறன் இலக்கு. அந்தப் பயணிகள் வந்து போக அதிவேகச் சாலை, மெட்ரோ என்று இணைப்புகள் வரைபடத்தில் நீள்கின்றன. ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டு எதிர்க்கிறார்கள். வீட்டிலிருந்து வயலுக்கு, ஏரிக்கு, பள்ளிக்கு, சுடுகாட்டுக்கு அவர்கள் நடக்கும் நடையும் போக்குவரத்துதான். திட்டம் வந்தால் புதிதாக உருவாகும் பயணங்களைக் கணக்கிட என் துறையிடம் சூத்திரம் இருக்கிறது. அழிந்துபோகும் பயணங்களைக் கணக்கிட எந்த நிரலும் இல்லை.

அப்படியென்றால் சாலையே வேண்டாமா? அப்படிச் சொல்ல என்னால் முடியாது. கிராமத்தைப் புனிதமாக்கும் பேச்சை அம்பேத்கர் ஏற்கவில்லை. நாமும் ஏற்க வேண்டியதில்லை. தார்ச் சாலையும் பேருந்தும் வந்ததால்தான் நம்மில் பலர் கல்லூரிக்குப் போனோம். பேருந்தில் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்வதே சாதிக்கு எவ்வளவு எரிச்சலூட்டியது என்பதற்கு 1997 சாட்சி. வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அமைந்ததும் கலவரம் வெடித்தது. கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டுத்தான் பேருந்துகள் ஓடின. 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். சாலையில் ஓடுவதிலேயே ஆகச் சமத்துவமான வண்டி அதுதான். அந்த வண்டியை 3.7 இடையூறு என்று எழுதும் கணக்கைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

மாற்றுவது கடினமல்ல. சந்திப்பில் வண்டிகளுக்குப் பதில் மனிதர்களை எண்ணலாம். பேருந்துக்கு அறுபது, காருக்கு இரண்டு, நடப்பவருக்கு ஒன்று. ஷிப்ட் மாறும் நேரத்திலும் முகூர்த்த நாளிலும் எண்ணலாம். ஊர், சேரி, பள்ளி, ரேஷன் கடை, சுடுகாட்டுப் பாதை அனைத்தையும் வரைபடத்தில் குறித்து, திட்டம் எந்த வழியை வெட்டுகிறது என்று எழுதலாம். அறிக்கையைத் தமிழில் கிராம சபையிலும் வார்டு கூட்டத்திலும் வைக்கலாம். ஆலோசனை நிறுவனத்தை அரசே தேர்ந்தெடுத்து, கட்டணத்தைத் திட்டக்காரரிடம் வசூலிக்கலாம். திட்டம் முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து அதே சந்திப்பில் மறுபடி எண்ணி, சொன்னது நடந்ததா என்று பார்க்கலாம். தடையற்ற நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகு, இவற்றைக் கேட்பதற்கு நமக்குத் தயக்கம் தேவையில்லை.

அதுவரை ஒரு வேலையை நாமே செய்யலாம். சுற்றுச்சூழல் அனுமதிக்கு வரும் திட்டங்களின் ஆவணங்கள் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கின்றன. உங்கள் ஊர்த் திட்டத்தின் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சொல்லியிருக்கும் சந்திப்புக்கு நாலு தோழர்களோடு போங்கள். ஒரு மணி நேரம் மனிதர்களை எண்ணுங்கள். யார், எங்கிருந்து, எதற்காகக் கடக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசத்துக்குக் காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு அதன்பின் அதிகாரிகளுடையது.