தும்பிக்கை வைத்த 'லை' தப்பா?

மதுரையிலிருந்து மேலூர் போகிற வழியில், ஒத்தக்கடையில் படுத்திருக்கிறது யானைமலை. அந்தப் பெயரைத் தாத்தா எழுதினால் ஒரு மாதிரி இருக்கும், பேரன் எழுதினால் வேறு மாதிரி. பெயரிலேயே 'னை', 'லை' இரண்டும் இருக்கிறதே! தாத்தாவின் எழுத்தில் முன்னால் தனியாகக் கொம்பு கிடையாது. எழுத்தோடு ஒட்டி, தும்பிக்கை மாதிரி ஒரு சுழி. பேரன் சொல்கிறான்: "தாத்தாவுக்குத் தமிழ் தப்புத் தப்பா எழுத வருது!"

தப்பு தாத்தா மேல் இல்லை. 1935-லேயே பெரியார் தன் 'குடி அரசு' பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு அதில் ஒரு பகுதியை ஆணையாக்கியது. மாறியவை 13 எழுத்துகள்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ. சிங்கப்பூர் 1983-இல் ஏற்றுக்கொண்டது. இலங்கையில் முதியவர்கள் பலரின் கையெழுத்தில் இன்றும் பழைய தும்பிக்கைதான். அவர்கள் எல்லோருமே தப்பாக எழுதுகிறவர்களா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. சீர்திருத்தமே தமிழுக்குச் செய்த துரோகம் என்கிறது. அதுவும் வெட்டிப் பேச்சுதான். அச்சுக்கும் தட்டச்சுக்கும் தனித்தனி வடிவங்கள் குறைந்தது லாபம்தானே? யானைமலைக்கே போய்ப் பார்க்கட்டும். அங்கே குகையில் இருப்பது தமிழ் பிராமி. நரசிங்கர் குடைவரையில் கி.பி. 770-ஐச் சேர்ந்த வட்டெழுத்து. அடிவாரத்துக் கடைப் பலகையில் இன்றைய எழுத்து. ஒரே மலையில் மூன்று வடிவம்! எதைத் துரோகம் என்பது?

சீனாவைப் பாருங்கள். புல்லைக் குறிக்கும் எழுத்து உறுப்பைப் பெருநிலச் சீனாவில் மூன்று கோடாகவும், தைவானில் நான்கு கோடாகவும் எழுதுகிறார்கள். இரண்டும் புல்தான். கணினிக்கும் இந்த அறிவு உண்டு. யூனிகோடில் 'லை'க்கு எந்த வடிவமானாலும் ஒரே குறியீட்டு வரிசைதான். தும்பிக்கை வேண்டுமா, கொம்பு வேண்டுமா என்பது எழுத்துருவின் வேலை.

வணிகவியல் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1960-களில் கையால் எழுதிய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். எல்லை, விலை, மனை... முக்கியமான வார்த்தை எல்லாம் தும்பிக்கையோடுதான் நிற்கும். சொந்த நிலத்தின் எல்லையைப் படிக்கப் பேரன் காசு கொடுத்து ஆள் தேடப் போகிறானா?

பழையபடி எழுத வேண்டாம். படிக்கத் தெரிந்தால் போதும். 13 எழுத்து, பள்ளியில் ஒரே ஒரு வகுப்பு. அதைச் சொல்லித் தராமல் தாத்தாவின் கையெழுத்தைச் சிவப்பு மையால் சுழித்தால், அதுதான் தப்பு!