தீப்பிடிக்கும் முன்பே காட்டிக் கொடுக்கும் கேமரா: ஆஸ்பத்திரி, மார்க்கெட்டுக்கு எப்போது வரும்?

குடிசை எரிந்தாலும் சரி, குடோன் எரிந்தாலும் சரி, மறுநாள் செய்தியில் 'மின்கசிவே காரணம் என்று தெரிகிறது' என்ற வரி தவறாமல் வந்து விடுகிறது. அந்த மின்கசிவு ஒரே நிமிடத்தில் வந்ததா? பல இடங்களில் இல்லை. நாள்கணக்கில் உள்ளுக்குள் சூடாகிக்கொண்டே இருந்திருக்கும். அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை!

2021 ஜனவரி 9-ந் தேதி மராட்டிய மாநிலம் பண்டாராவில் அரசு ஆஸ்பத்திரி தீயில் 10 பச்சிளம் குழந்தைகள் பலியாயின. 2024 டிசம்பர் 12-ந் தேதி இரவு திண்டுக்கல்லில் தனியார் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்து 6 பேர் இறந்தனர். இரண்டு இடத்திலும் மின்சாரத்தின் மீதுதான் முதல் சந்தேகம் விழுந்தது.

பீஸ் ஏன் போகவில்லை?

ஒயரை இறுக்கும் ஸ்குரூ லேசாக லூஸ் ஆனாலே போதும். அந்த இடத்தில் கரண்டுக்குத் தடை ஏற்பட்டு சூடு கிளம்பும். கரண்ட் 2 மடங்கு ஓடினால் சூடு 4 மடங்கு ஆகும். சாதாரண பி.வி.சி. ஒயரின் மேல்உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் உறை கெட்டுப்போய், கடைசியில் தீ.

'அதான் பீஸ் இருக்கே, டிரிப்பர் இருக்கே' என்று நினைக்கலாம். ஆனால் கரண்ட் அளவுக்கு மேல் ஓடினால்தான் அவை துண்டிக்கும். லூஸ் கனெக்ஷனில் ஓடுவது வழக்கமான கரண்ட்தான். அதனால் பீஸ் போகாது, சூடு மட்டும் ஏறும்.

காய்ச்சல் பார்ப்பது போல...

கொரோனா நேரத்தில் விமான நிலையத்தில் தூரத்தில் இருந்தே காய்ச்சல் பார்த்தார்களே, அதே வகை கேமராதான் இதுவும். சூடான பொருளில் இருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத கதிரை படமாக்கிக் காட்டும். 3 பேஸ் ஒயரில் 2 சாதாரணமாக இருந்து, ஒன்று மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அங்கேதான் வில்லங்கம். ஒரே லோடு ஓடும் ஒயர்களுக்குள் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உடனே சரிசெய்ய வேண்டும் என்பது இந்தத் துறையின் கணக்கு.

இது ஒன்றும் புதுசு இல்லை. மின்பாதைகளைச் சோதிக்க 1965-லேயே இப்படிப்பட்ட கருவி வந்துவிட்டது. நம்ம ஊர் துணை மின்நிலையங்களிலும் 'தெர்மோவிஷன்' சோதனை நடக்கிறது. இதற்காக கரண்டை நிறுத்த வேண்டியதில்லை. சொல்லப்போனால், கரண்ட் ஓடும்போதுதான் சூடு தெரியும். ஏ.சி.க்கள் எல்லாம் ஓடும் மே மாத இரவில் பார்த்தால்தான் உண்மை வெளியே வரும்.

சிக்கல் எங்கே?

மின்வாரியத்தின் பொறுப்பு மீட்டரோடு முடிந்து விடுகிறது. உள்ளே இருக்கும் ஒயரிங் கட்டிட உரிமையாளர் பாடு. அவர் 'லைட் எரியுதுல்ல' என்கிறார். வாடகைக்கு இருப்பவரோ 'நம்ம வீடா?' என்கிறார். நடுவில் ஒயர் வேகிறது.

கேமராவின் விலை பல ஆயிரம் ரூபாயில் தொடங்கி லட்சக்கணக்கில் போகிறது. எல்லோரும் வாங்க முடியாது, வாங்கவும் தேவையில்லை. ஒரு தெருவில் உள்ள கடைக்காரர்கள் பணம் போட்டு, கேமரா வைத்திருப்பவரை ஒருநாள் அழைத்தாலே போதும். ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், மார்க்கெட்டுகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையை அரசு கட்டாயமாக்கினால் என்ன?

கேமராவுக்கும் எல்லை உண்டு. சுவருக்கு உள்ளேயும், மூடிய இரும்புப் பெட்டிக்கு உள்ளேயும் அது பார்க்காது. பெட்டியைத் திறப்பது விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனின் வேலை.

வீட்டில் என்ன பார்க்கலாம்?

பிளக் பழுப்பு நிறமாக மாறுவது, சுவிட்ச் போர்டில் கருகிய வாசனை, பிரிட்ஜ் ஓடும்போது லைட் மினுக்குவது... இவை எல்லாம் கேமரா இல்லாமலே தெரியும் அறிகுறிகள். உடனே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரு ஸ்குரூவை முறுக்கும் கூலி, எரிந்த வீட்டை விட ரொம்ப மலிவு!