மலிவான சைலென்சரும் மனைவி மக்கள் மூச்சும்

மோட்டார்க் கார் வைத்திருப்போர் பெரும்பாலும் அதன் முன்புறத்தையே பார்க்கின்றனர். கண்ணாடியைத் துடைக்கின்றனர், விளக்கைத் துலக்குகின்றனர், ஆயுத பூசையன்று முகப்பிலே சந்தனமும் குங்குமமும் சாத்துகின்றனர். பின்புறத்தின் அடியிலே தொங்கிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாயையோ, அஃது அறுந்து றோட்டில் உரசும் நாள்வரை எவரும் நினைப்பதில்லை. உரசத் தொடங்கிய பின்னரும் முதலில் எழும் வினா, "ஆகக் குறைந்த விலைக்கு எங்கே கிடைக்கும்?" என்பதேயாம்.

இவ்வினா தவறானதன்று. எங்கள் நாட்டில் 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நின்றுபோன கார் இறக்குமதி 2025 ஆம் ஆண்டிலேதான் மீண்டும் தொடங்கியது. தொடங்கிய பின்னரும் புதிய காரின் விலை மாதச் சம்பளக்காரர் எட்டிப் பிடிக்கக் கூடியதாக இல்லை. ஆகவே தந்தையார் வாங்கிய காரை மகன் ஓட்டுவதும், அதனைப் பேரன் கழுவித் துடைப்பதும் எங்கள் குடும்பங்களிற் காணும் காட்சிகளே. 1948 இல் இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட மொறிஸ் மைனர், 1971 இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோன பின்னரும், யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இன்றும் ஓடுகின்றது. இத்தகைய காருக்கு அதனைச் செய்த கொம்பனியின் சைலென்சரையே வாங்குவேன் என்று ஒருவர் அடம்பிடித்தல் இயலாது. பிறர் செய்ததை வாங்கத்தான் வேண்டும். பிறர் செய்தது என்பதனால் அது தாழ்ந்ததென்றும் கொள்ள வேண்டியதில்லை. 1990 களில் மொறிஸ் மைனருக்குரிய உடற்றகடுகள் இலங்கையிலே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. எங்கள் நாட்டுக் கைத்திறனுக்கு இஃதொரு சான்று.

எனவே மலிவாக வாங்காதீர்கள் என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எதிலே மலிவு பார்க்கலாம், எதிலே பார்த்தலாகாது என்பதைப் பிரித்துக் காட்டுவதே நோக்கம்.

சைலென்சர் செய்யும் தொழில் யாது? நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது, வெந்த வாயு நிமிடத்துக்கு 6,000 முறை, அதாவது செக்கனுக்கு 100 முறை, வெடித்து வெளியேறுகின்றது. ஒவ்வொரு வெடிப்பும் ஒரு சிறு சீனவெடிக்கு ஒப்பாகும். இவ்வொலியை அடக்குவதற்கு 1897 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் றீவ்ஸ் சகோதரர் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். வாயுவைப் பல அறைகளினூடாகவும் துளையிட்ட குழாய்களினூடாகவும் செலுத்தினால் அதன் வேகமும் அழுத்தமும் தணிந்து ஒலி அடங்கும் என்பதே அடிப்படைத் தத்துவம். பெயரும் இதனாலேயே "சத்தமடக்கி" என்று வந்தது. பெயர் அவ்வாறு அமைந்தமையால் அதன் மற்றொரு தொழிலை நாம் மறந்துவிட்டோம். நஞ்சை மனிதர் இருக்கும் இடத்திலிருந்து அகற்றிக் காரின் பின்னே கொண்டுபோய் விடுதலே அத்தொழில். ஒலி அடங்காவிட்டால் அயலவர் ஏசுவர். நஞ்சு அகலாவிட்டால் ஏசுவதற்கு ஆள் இராது.

இந்நஞ்சின் பெயர் காபனோரொட்சைட்டு. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் என்னும் பொருள் ஒட்சிசனைப் பற்றுவதிலும் பார்க்க 200 மடங்குக்கு மேலான ஆவலுடன் இதனைப் பற்றிக்கொள்ளும். அதன் பின்னர் மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தாலும் உடலுக்கு உயிர்வாயு சென்று சேர்வதில்லை. 1890 களிலே இதனை ஆராய்ந்த ஹால்டேன் என்னும் அறிஞர், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் சிறு பிராணிகளைக் கொண்டு செல்லும்படி யோசனை கூறினார். சிறிய உடலும் விரைந்த மூச்சும் உடைய உயிர் மனிதனுக்கு முன்னரே மயங்கும் என்பது அதன் காரணம். கனேரிக் குருவிகள் இத்தொழிலுக்கு அமர்ந்த வரலாறு இதுவே. காரின் பின்சீற்றில் உறங்கும் குழந்தைக்கும் சிறிய உடலும் விரைந்த மூச்சுமே உள்ளன என்பதைத் தந்தையர் ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பின்னே போக வேண்டிய வாயு உள்ளே வருவதெவ்வாறு? குழாயின் பொருத்து ஒன்று தளர்ந்து காரின் நடுவயிற்றின் கீழே வாயு கசிகின்றது. மேலே தரைத்தகடு துருவேறித் துளைபட்டிருக்கின்றது. அல்லது கியர்த் தண்டைச் சுற்றியுள்ள றப்பர் கிழிந்திருக்கின்றது. அவ்வழியே வாயு ஏறுகின்றது. வாற்குழாய் கட்டையாக இருந்தாலும் இதுவே நிகழும். ஓடும் காரின் பின்னாலே காற்றுச் சுழன்று முன்னோக்கி இழுபடுவதால், பொருள்களை ஏற்றி டிக்கியைத் திறந்தபடி ஓட்டுவோர் தம் புகையைத் தாமே உட்கொள்கின்றனர். மலிவான குழாய்கள் பலவற்றில் இரும்பை மிச்சம் பிடிப்பதற்காக வாற்பகுதியையே குறுக்கிவிடுகின்றனர். வாற்குழாயின் முனை காரின் பின்விளிம்பைக் கடந்து சற்று வெளியே நிற்கின்றதா என்பதைக் கடையிலேயே அளந்து பார்த்தல் வேண்டும்.

இனி மலிவு பார்க்கக்கூடிய இடத்துக்கு வருவோம். அஃது உலோகம். சாதாரண உருக்கு, அலுமினியம் பூசிய உருக்கு, குரோமியம் கலந்த துருவேறா உருக்கு என்ற வரிசையில் விலையும் ஆயுளும் உயரும். சாதாரண உருக்கை அரிப்பது கடற்காற்று மட்டுமன்று. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கின்றது. குழாய் நன்றாகச் சூடேறினால் அது வெளியே பறந்துவிடும். வீட்டிலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓடும் காரிலோ குழாய் சூடேறு முன்னரே பயணம் முடிந்துவிடுகின்றது. நீர் உள்ளேயே தங்கி அமிலமும் சேர்ந்து இரும்பைத் தின்கின்றது. ஆகவே குறைவாக ஓடும் கார் என்பதால் சைலென்சர் நெடுநாள் நிற்கும் என்று எண்ணுவது பிழை.

மாணவர்கள் இங்கே ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு சைலென்சர் 10,000 ரூபா விலையில் இரண்டு ஆண்டு நிற்கும் எனவும், மற்றொன்று 20,000 ரூபா விலையில் ஆறு ஆண்டு நிற்கும் எனவும் கொள்வோம். முதலாவதற்கு ஆண்டுக்கு 5,000 ரூபா. இரண்டாவதற்கு 3,333 ரூபா. மாற்றுங் கூலியையும் சேர்த்தால் இடைவெளி மேலும் விரியும். ஆயினும் அடுத்த ஆண்டு காரை விற்கவிருப்பவருக்கும், கையிலே 10,000 ரூபா மட்டும் உள்ளவருக்கும் முதலாவதே பொருத்தம். கணக்கு ஒன்றே; குடும்பத்துக்குக் குடும்பம் விடை வேறு. இதில் வெட்கப்படுவதற்கு யாதுமில்லை.

மலிவு பார்த்தலாகாத இடம் பொருத்துக்களேயாம். சைலென்சருக்கு ஆயிரக்கணக்கிற் கொடுத்துவிட்டு, கிளாம்புக்கும் காஸ்கெற்றுக்கும் தொங்கு றப்பருக்கும் பழையவையே போதும் என்பது ஆனையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசுவதை ஒக்கும். மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். எஞ்சினின் பக்கத்திலே வாயுவைத் திரட்டும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாயை மெக்கானிக்குகள் மனிபோல்ட் என்பர். அதனுடன் முன்குழாயின் விரிந்த வாய் ஒரு கிளாம்பினால் இறுக்கப்படுகின்றது. மலிவான குழாயில் இவ்வாய் சரியாக விரிக்கப்படாதிருத்தல் உண்டு. எவ்வளவு இறுக்கினாலும் அது கசியும். பொருத்துமுன் வாயோடு வாய் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை விளங்கும். பொருந்தாததைத் திருப்பிக் கொடுத்துவிடுதலே முறை.

பொருத்தும் வேலைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஜக்கினால் மட்டும் உயர்த்திய காரின் கீழே எவரும் நுழைதல் கூடாது. உள்ளே வெறுமையான சீமெந்துக் கல்லையும் முட்டுக்கொடுத்தல் ஆகாது; அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும். உறுதியான இரும்புத் தாங்கியே வேண்டும். முதலிலே எல்லாப் பகுதிகளையும் தளர்வாகக் கோத்து, குழாய் தரைத்தகட்டிலும் அச்சிலும் பிறேக்குக் குழாயிலும் முட்டாதபடி ஒழுங்குபடுத்துதல் வேண்டும். அதன் பின்னரே எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாய் இறுக்குதல் வேண்டும். தொங்கு றப்பருக்குப் பதிலாக இரும்புக் கம்பியால் வரிந்து கட்டும் வழக்கம் கெட்ட வழக்கம். மூன்று மீற்றர் நீளமான உருக்குக் குழாய் 250 பாகை வெப்பம் ஏறினால் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் நீளுகின்றது. எஞ்சினும் தன் றப்பர்த் தாங்கிகளின்மேல் அசைகின்றது. நீள இடமின்றி, அசைய இடமின்றிக் கட்டப்பட்ட குழாய் தன் பொருத்தைத் தானே முறிக்கும். வெல்டிங் செய்ய நேர்ந்தால் பெற்றோற் றாங்கிக்கு அருகே நெருப்பு வேலை நடவாதிருக்கக் குழாயைக் கழற்றி எடுத்துச் செய்வித்தலே நன்று.

யப்பானிலிருந்து வந்த பிற்காலக் கார்களில் மற்றொரு பொருளும் உண்டு. எஞ்சினுக்கும் சைலென்சருக்கும் இடையே கற்றலிற்றிக் கொன்வேட்டர் எனப்படும் பேழை ஒன்று அமைந்திருக்கும். அதனுள்ளே பிளாற்றினம், பலேடியம், உரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருந்து, காபனோரொட்சைட்டைத் தீமை குறைந்த காபனீரொட்சைட்டாக மாற்றுகின்றன. அமெரிக்காவிலே 1975 ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து இது பரவலாக வழங்கலாயிற்று. அரிய உலோகம் இருப்பதனால் பழைய பேழைக்கும் விலை உண்டு. "இஃது அடைத்துவிட்டது, வெறுங்குழாய் போட்டால் மலிவு" என்று கூறுவோரிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். கழற்றிய பழைய பொருளைத் தமக்கே தரும்படி கேட்பது கார்க்காரரின் உரிமை. வெறுங்குழாய் போட்ட கார் ஆண்டுதோறும் நிகழும் புகைப் பரிசோதனையிலே தவறினால், வருமான அனுமதிப் பத்திரம் பெறுவதும் தடைப்படும்.

இளைஞர்க்கும் ஒரு வார்த்தை. சைலென்சரின் உட்பகுதியை அகற்றி இரைச்சலைக் கூட்டினால் வலு கூடும் என்று சிலர் நம்புகின்றனர். எஞ்சின் உட்கொள்ளும் காற்றையும் பெற்றோலையும் அதற்கேற்ப மாற்றாது வாலை மட்டும் திறந்துவிடுவதால் சாதாரணக் காருக்குக் கிடைக்கும் வலு மிக அற்பம். காதுக்குக் கேட்பதை வேகம் என்று மனம் மயங்குகின்றது, அவ்வளவே. அவ்விரைச்சல் போகும் வழியில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு மாணவி இருக்கலாம். அப்போதுதான் கண்ணயர்ந்த ஒரு நோயாளியும் இருக்கலாம். அவர்களுடைய அமைதியைப் பறிப்பதற்கு உங்களுக்கு யார் அனுமதி தந்தார்?

பொருத்தி முடிந்ததும் வெளிமுற்றத்தில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, தடித்த ஈரத்துணியால் வாற்குழாயின் முனையை ஒரு கணம் அடைத்துப் பாருங்கள். எங்கேனும் "உஸ்" என்னும் ஒலி எழுந்தால் அங்கே கசிவு உண்டு. சில நாட்களின் பின் பொருத்துக்களைச் சுற்றிக் கரிபடிந்திருப்பதும் அதற்கே அடையாளம். முதன்முறை ஓடிச் சூடாறியபின் எல்லா நட்டுக்களையும் மீண்டும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். கதவடைத்த கராஜினுள் எஞ்சினை ஒரு நிமிடமேனும் ஓடவிடாதீர்கள்.

நல்லூருக்கோ கதிர்காமத்துக்கோ குடும்பத்துடன் போகும் வழியிலே, பிள்ளைகள் தலையிடிக்கின்றது என்றும் வயிற்றைப் புரட்டுகின்றது என்றும் சொன்னால், "கார்ப்பயணம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று தேசிக்காயை முகரக் கொடுப்பது எங்கள் வழக்கம். அன்றைக்குக் காரை நிறுத்தி எல்லோரையும் வெளியே இறக்குங்கள். நல்ல காற்றிலே தலையிடி தணிந்து, மீண்டும் ஏறியதும் தொடங்கினால், குற்றம் பிள்ளையின் வயிற்றில் இல்லை. காரின் வயிற்றிலே இருக்கலாம். பயணத்தைத் தொடராது குழாயைப் பரிசோதிப்பியுங்கள். தலைசுற்றும் மயக்கமும் தணியாவிட்டால் தாமதியாது ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

சைலென்சர் மலிவாக இருக்கலாம். அது கசியாதிருத்தல் மட்டும் வேண்டும்.