"வீவ்டு" என்று சொன்ன பையன்

பக்கத்து வீட்டுச் சிறுமி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள். சி, ஏ, யூ, ஜி, எச், டி. பக்கம் முழுக்க அதுதான். "கேட்ச்" என்பதன் இறந்தகாலத்தை "கேட்ச்டு" என்று எழுதிவிட்டாளாம். ஐம்பது தடவை இம்போசிஷன்.

"வாட்ச்சுக்கு வாட்ச்டுன்னா, கேட்ச்சுக்கு மட்டும் ஏன் தாத்தா இப்படி?" என்றாள்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் நடத்தியவன் நான். அந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. வேறொரு முகம்தான் நினைவுக்கு வந்தது. இந்தச் சிறுமியின் சொந்தத் தாத்தாவின் முகம், பதினான்கு வயதில்.

1979 என்று நினைவு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. திருமலை என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் குந்தவை ஜினாலயமும் மலையில் உள்ள நேமிநாதரும்தான் தெரியும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கோ பாவும் ஊடையும் ஜரிகையும்தான் உலகம். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்றேன். அந்தப் பையன் எழுந்து, "மை ஃபாதர் வீவ்டு எ சில்க் சாரி" என்றான். கூச்சமில்லாமல், நிமிர்ந்து நின்று சொன்னான். முதலில் சிரித்தவன் நான். பிறகு வகுப்பே சிரித்தது. "வீவ், வோவ், வோவன்! தறிக்காரன் பிள்ளைக்கே தெரியலையா?" என்று வேறு கேட்டேன்.

அதற்குப் பிறகு அவன் ஆங்கில வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை. இன்று அவன் பட்டு வியாபாரம் செய்கிறான். பெங்களூரிலிருந்து யாராவது ஆங்கிலத்தில் பேசினால் போனை மகளிடம் கொடுத்துவிடுகிறான்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? சென்ற கோடையில் அமெரிக்காவிலிருந்து என் பேரன் வந்திருந்தான். "பாட்டி சொல்லினாங்க" என்றான். வீடே சிரித்தது. ஆனால் அது வேறு சிரிப்பு. கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தோம். யோசித்தால், பேரன் செய்ததும் அந்தப் பையன் செய்ததும் ஒரே தப்பு. இருவருமே விதியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, விதிக்குள் அடங்காத வார்த்தையில் இடறியவர்கள்.

நம் தமிழ் மட்டும் லேசுப்பட்டதா? நில், நின்றான். வில், விற்றான். கல், கற்றான். செல், சென்றான். சொல், சொன்னான். ஐந்துமே "ல்" என்று முடிகிறவை. இறந்தகாலம் ஒரே மாதிரி இல்லை. த், ட், ற், இன் என்று இறந்தகால இடைநிலைகளைச் சொல்லிவிட்டுப் போகிறது நன்னூல். (அதை எழுதிய பவணந்தியும் சமண முனிவர்தான், திருமலைக்காரனுக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்.) 1855இல் தமிழ் இலக்கணம் எழுதிய ஜெர்மானியர் கார்ல் கிரௌல், நம் வினைச்சொற்களைப் பன்னிரண்டு வகுப்பாகப் பிரித்தார். நாமோ தாயின் இடுப்பில் இருந்தே கற்றுக்கொண்டதால் அந்தக் கஷ்டம் தெரியவில்லை.

ஆங்கிலத்தின் கதையும் சுவையானது. 2007இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் சிலர் பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். இன்றும் அப்படியே இருப்பவை 98தான். மற்றவை "ஈடி" சேர்த்துக்கொண்டு ஒழுங்காகிவிட்டன. "ஹெல்ப்" என்பதற்கு ஒரு காலத்தில் "ஹோல்ப்" என்று இறந்தகாலம் இருந்தது. அடிக்கடி வாயில் புழங்கும் வார்த்தை பழைய உருவத்தை விடுவதில்லை. எப்போதோ வருவதுதான் மாறிவிடுகிறது. அதனால்தான் கோ, கம், சீ, டேக், கிவ் எல்லாம் இன்னும் முரண்டு பிடிக்கின்றன. "வென்ட்" என்பதே "வென்ட்" என ஒலிக்கும் வேறொரு பழைய வினையிடமிருந்து கடன் வாங்கியது. அப்படியானால் "ஹோல்ப்" காலத்தில் முதலில் "ஹெல்ப்டு" என்று சொன்னவனையும் எவனாவது வாத்தியார் நிற்க வைத்திருப்பான்.

இதற்காக எதை எழுதினாலும் மார்க் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. "கேட்ச்டு" தப்புதான், திருத்த வேண்டும். ஆனால் இம்போசிஷனால் அல்ல. எங்கள் காலத்தில் அகர வரிசையில் கோரஸாக ஒப்பித்தோம். அதைவிட ஓசையால் குடும்பம் சேர்த்துக் கொடுக்கலாம். மழை பேஞ்சுது, வேலை செஞ்சான், புடவை நெஞ்சான் என்று நமக்கு வருகிறதே, அதுபோல. ஸ்பீக், ஸ்போக், ஸ்போக்கன் தெரிந்த பிள்ளைக்கு வீவ், வோவ், வோவன் தானாக வரும். சிங், சாங், சங் தெரிந்தால் ரிங்கும் வரும். ஆனால் பிரிங் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று எச்சரித்துவிட வேண்டும்.

உண்மையில் அழுத்தித் திருத்த வேண்டியது "டிட் நாட் வென்ட்" என்பதைத்தான். பட்டம் வாங்கியவர்கள்கூட இண்டர்வியூவில் இப்படிச் சொல்கிறார்கள். "டிட்" என்பதிலேயே இறந்தகாலம் வந்துவிட்டது. "போகவில்லை" என்பதில் "போ" மாறாமல் நிற்கிறதே, "போனவில்லை" என்று நாம் சொல்வதுண்டா? இந்த ஒரு ஒப்புமையை நான் சர்வீஸில் இருந்தபோது ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று மாலை அந்தச் சிறுமியோடு திண்ணையில் உட்கார்ந்து, கேட்ச், டீச், பை, பிரிங், திங்க், ஃபைட் ஆறையும் ஒரே குடும்பமாக எழுத வைத்தேன். பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். உள்ளிருந்து அவள் தாத்தா வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"டிராஃபிக்ல வண்டி வளைஞ்சு நெளிஞ்சு புகுந்து போனா, அதுக்கு இங்கிலீஷ்ல 'வீவ்டு'தான்பா சரி. டிக்‌ஷனரியிலேயே இருக்கு. நீ சொன்னது இல்லாத வார்த்தை இல்லை" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றான்.

அன்றைக்கு எனக்கும் தெரியாது.