கரும்பும் கத்தியும்

சர்க்கரை இனிக்கிறது! தேநீர்க் கோப்பையிலே கரைந்து, திருமணப் பந்தியிலே குவிந்து, திருவிழாக் கடைகளிலே மின்னி, நம் நாவிலே நடமிடுகிறது. அந்தச் சர்க்கரைக்குப் பின்னே கரும்பு. கரும்புக்குப் பின்னே அரிவாள். அரிவாளுக்குப் பின்னே ஒரு பெண். அவள் வயிற்றிலே ஒரு தழும்பு! கரும்பு வெட்டும்போது கைதவறிப் பட்டதன்று. காசு கொடுத்து, கையெழுத்துப் போட்டு, 'பிழைத்தேன்' என்று நம்பி, பெற்றுக்கொண்ட தழும்பு.

மராட்டிய மாநிலத்திலே பீட் என்றொரு மாவட்டம். வானம் பொய்க்கும், கிணறு வற்றும், வயல் வெடிக்கும் வறண்ட பூமி. மழைக்காலம் முடிந்ததும் அங்கிருந்து இலட்சக்கணக்கிலே மக்கள் புறப்படுகிறார்கள், மேற்கு மராட்டியத்துக் கரும்புக் கொல்லைகளுக்கும், கருநாடகத்துக்கும். தாழ்த்தப்பட்டோர், நாடோடிக் குடியினர், பிற்பட்டோர் - அவர்களே அந்தக் கூட்டத்திலே பெரும்பாலோர். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கணக்கு. அந்தக் கணக்குக்குப் பெயர் 'கோயத்தா'. கோயத்தா என்றால் மராத்தியிலே அரிவாள் என்று பொருள். ஆணும் பெண்ணுமாகிய இரண்டு உயிர்களுக்கு முதலாளி உலகம் இட்ட பெயர், அரிவாள்! எத்தனை பேர் என்று கேட்பதில்லை, எத்தனை அரிவாள் என்றுதான் கேட்கிறார்கள்.

இந்த மாவட்டத்தைப் பற்றி 2019ஆம் ஆண்டிலே ஏடுகள் ஒரு செய்தியை வெளியிட்டன. கரும்பு வெட்டப் போகும் பெண்கள் பலருக்குக் கருப்பை இல்லை என்றன. நாடு திடுக்கிட்டது. மராட்டிய அரசு, சட்ட மேலவையின் துணைத் தலைவராக அப்போதிருந்த நீலம் கோர்ஹே அம்மையார் தலைமையிலே குழு அமைத்தது. கரும்பு வெட்டும் பெண்கள் 82 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கணக்கெடுத்தார்கள். 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பையை அறுத்து எடுக்கப்பட்டவர்கள்! 100க்கு 16 பேருக்கு மேல். நாடு முழுமைக்கும், 2015-16ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிலே 100க்கு 3 பேரைச் சற்றே தாண்டிய கணக்கு. இரு கணக்கும் ஒரே அளவுகோலால் அளந்தவையல்ல. ஆயினும் ஐந்து மடங்கு வேறுபாட்டை அளவுகோலின் மேல் பழிபோட்டு மறைத்துவிட முடியாது.

ஏன் இந்தக் கொடுமை? அந்தப் பெண்ணின் ஒரு நாளைப் பாருங்கள். கோழி கூவுமுன் எழுகிறாள். கொல்லையின் ஓரத்திலே ஒரு கூடாரம், அதுவே வீடு. கழிப்பிடமில்லை, குளிக்க மறைவில்லை, துவைக்கத் தண்ணீரில்லை. கணவன் வெட்டுகிறான், அவள் கட்டுகிறாள். தலை கொள்ளாத கட்டைச் சுமந்து, லாரியின் மேல் சாய்த்த பலகையிலே ஏறி இறங்குகிறாள். மாதவிலக்கு வந்தாலும் அதே பலகை, அதே சுமை. ஒரு நாள் படுத்தால் தண்டம் கட்டவேண்டும். 500 ரூபாய் என்று அந்தப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். 'முகாதம்' எனப்படும் தரகன், பருவம் தொடங்குமுன்னே முன்பணம் கொடுத்து உடலை எழுதி வாங்கிவிட்டான். அழுக்குத் துணியும் ஓயாத சுமையும் சேர்ந்து என்ன செய்யும்? தொற்று வரும், வெள்ளை படும், அடிவயிறு வலிக்கும். வலி பொறுக்கமாட்டாமல், ஊர் திரும்பியதும், பக்கத்து நகரத்திலே பலகை மாட்டியிருக்கும் தனியார் மருத்துவமனைக்குப் போகிறாள்.

நாடகம் எழுதிப் பழகிய கை எனது. அங்கே நடப்பது எனக்குக் காட்சியாகவே தோன்றுகிறது. கற்பனைக் காட்சிதான், ஆனால் அந்தப் பெண்கள் விசாரணைகளிலே சொன்ன சேதிகளைச் சேர்த்துக் கட்டியது.

"எத்தனை பிள்ளைகள் அம்மா?"

"மூன்று, டாக்டர் ஐயா."

"போதுமல்லவா? இனிக் கருப்பை எதற்கு?"

"வலிக்கு மாத்திரை கொடுங்கள் ஐயா..."

"மாத்திரையா? படத்தைப் பார்! இதோ, இந்த இடம். விட்டு வைத்தால் புற்றாகும். நாளைக்கே எடுத்துவிட்டால் உயிர் தப்பும். பிள்ளைகள் அநாதையாக வேண்டுமா?"

"ஐயோ! எடுத்துவிடுங்கள் ஐயா!"

திரை விழுகிறது. மாத்திரை கேட்டு வந்தவள் மேசையிலே கிடக்கிறாள்.

அந்தப் படத்திலே என்ன இருந்தது? வெளியிலிருந்து எடுக்கும் ஸ்கேன் படத்தைக் கொண்டு, கருப்பை வாயிலே புற்று வரப்போகிறது என்று எந்த வித்தகராலும் முடிவு கட்ட முடியாது. அதற்குச் சோதனைகள் உண்டு. கருப்பை வாயிலிருந்து சிறிது திசுப்பசையை வழித்தெடுத்து நுண்ணோக்கியிலே பார்க்கும் 'பாப்' சோதனை ஒன்று. அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் மாறுகிறதா என்று கண்ணாலேயே பார்க்கும் எளிய சோதனை மற்றொன்று. ஐயம் வலுத்தால், துணுக்குச் சதையெடுத்து ஆராய்வது மூன்றாவது. இவை ஒன்றும் செய்யாமல், 'புற்று வரும்' என்று வாயால் சொல்லிக் கத்தியை எடுப்பதற்கு நோயறிதல் என்று பெயரிடலாமா? வெள்ளைபடுதலுக்குக் காரணம் பெரும்பாலும் தொற்று. சில நாள் மருந்திலே தீரக்கூடியது. கருப்பை வாயிலே சிவந்து தெரியும் இடம் பல பெண்களுக்கு இயல்பாகவே இருப்பது. 'புண்' என்ற பயங்கரப் பெயரைச் சூட்டி, அந்த இயல்பையே நோயாக்கிவிட்டார்கள்!

எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததா? சூற்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், 50ஐ ஒட்டி வரவேண்டிய மாற்றம் 30லேயே வந்து விழுகிறது. உடல் எரிகிறது, உறக்கம் ஓடுகிறது, எலும்பு நொய்ந்துபோகிறது, இதயத்துக்கும் ஆபத்து ஏறுகிறது. சூற்பைகளை விட்டுவைத்தாலும் அவை காலத்துக்கு முன்பே ஓய்ந்துவிடக்கூடும். வாரக்கணக்கிலே ஓய்வெடுக்க வேண்டிய உடல் அது. அவளோ, அறுவைக்குப் பட்ட கடனை அடைக்க அடுத்த முன்பணம் வாங்குகிறாள். முன்பணம் வாங்கியவள் பலகையிலே ஏறித்தான் ஆகவேண்டும். கரும்பு கடனைக் கொடுத்தது, கடன் கத்தியைக் கொடுத்தது, கத்தி மறுபடியும் கரும்புக்கே அனுப்பியது!

மாற்றார் கேட்பார்கள்: "மருத்துவரெல்லாம் கொள்ளைக்காரர்களா?" என்று. இல்லை. புற்றுநோய் உறுதிப்பட்டபோதும், பேறுகாலத்திலே குருதி நிற்காமல் பெருகும்போதும், இந்த அறுவையே எண்ணற்ற தாய்மாரைக் காப்பாற்றுகிறது. அதைச் செய்யும் கைகளை நான் கும்பிடுகிறேன். இன்னும் ஒருபடி மேலே போய்ச் சொல்கிறேன்: தவறான முடிவு, நேர்மையான மருத்துவரிடமிருந்தும் பிறக்கும். ஒரு பழைய சேதி கேளுங்கள்.

1934ஆம் ஆண்டு. நியூயார்க் நகரம். பள்ளிப் பிள்ளைகள் 1000 பேரைப் பார்த்தார்கள். 611 பேருக்குத் தொண்டைச் சதை - டான்சில் - ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. மீதி 389 பிள்ளைகளை மருத்துவர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு வெட்டவேண்டும் என்றார்கள். 'தேவையில்லை' என்று தள்ளப்பட்ட 215 பிள்ளைகளை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் 99 பேரைப் பொறுக்கினார்கள்! இருமுறை தப்பிய 116 பேரை மூன்றாம் முறை அனுப்பினார்கள். 51 பேருக்குக் கத்தி! எஞ்சியவர் 65 பேர். நாலாவது முறை அனுப்பியிருந்தால் அவர்களிலும் பாதி போயிருக்கும். பிள்ளைகள் வரிசையாய் வந்தால் பாதிப்பேருக்காவது நோயிருக்கும் என்ற எண்ணம் அந்த மருத்துவர்களின் கண்ணிலே குடியிருந்தது. ஆகவே பாதிப்பேரிடம் நோய் தெரிந்தது. எண்ணமே இவ்வளவு செய்யுமானால், எண்ணத்தோடு பணமும் சேர்ந்தால்?

பணம் எப்படிச் சேர்ந்தது? இங்கேதான், தோழர்களே, நாம் கூர்ந்து நோக்க வேண்டும். 2008ஆம் ஆண்டிலே மத்திய அரசு ஏழைகளுக்கென்று 'ராஷ்ட்ரிய ஸ்வஸ்தய பீமா யோஜனா' என்ற காப்பீட்டைக் கொண்டுவந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை மருத்துவச் செலவு. நல்ல நோக்கம், மறுக்கவில்லை. ஆனால் அது, மருத்துவமனையிலே படுத்தால் பணம் தரும் திட்டம். வெளிநோயாளியாய் வந்து மாத்திரை வாங்கிப் போனால் அட்டை பேசாது! தொற்றைத் தீர்க்கும் மருந்து சொந்தக் காசில். கருப்பையை எடுப்பது இலவசம்! ஏழை எதைத் தேர்ந்தெடுப்பாள்? மருத்துவமனை நடத்துபவர் எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்? 2012ஆம் ஆண்டிலே பீகாரிலும் சத்தீசுகரிலும் அம்பலமானது இந்தக் கதைதான். அதற்கு முன்பே, 2010இலே, இராசத்தானத்துத் தௌசா மாவட்டத்தில் ஒரு வழக்கறிஞர் தகவல் உரிமைச் சட்டத்தைக் கையிலெடுத்துக் கணக்குக் கேட்டார். மூன்று தனியார் மருத்துவமனைகள் கொடுத்த கணக்கிலே பெண்களுக்குச் செய்த அறுவைகள் 385. அவற்றிலே 226 கருப்பையை எடுத்தவை!

வழக்குமன்றத்துக்குப் போனவரும் ஒரு மருத்துவர்தாம். நரேந்திர குப்தா என்பது அவர் பெயர். 2013இலே அவர் தொடுத்த பொதுநல வழக்கிலே 2023 ஏப்ரல் 5ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாண்டுக் காத்திருப்பு! பாதிக்கப்பட்ட பெண்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பினர் என்பதை மன்றம் எடுத்துக்காட்டியது. மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்திலே ஏற்கவேண்டும் என்றது. மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்பது அந்த நெறிமுறை. நோயாளி அறிந்து இசையாமல் அறுக்கும் மருத்துவமனைகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கவும் மன்றம் சொன்னது. பீட் மாவட்டத்திலோ, 2019க்குப் பிறகு, மாவட்ட அரசு மருத்துவ அதிகாரியின் இசைவின்றித் தனியார் கருப்பையை எடுக்கக்கூடாது என்று விதித்தார்கள். ஒரு கையெழுத்துக்குள்ள வலிமை அது. ஆனால் கூடாரத்துக்குக் கழிப்பிடம் கட்டித்தராமல், விலக்கு நாளிலே கூலியோடு ஓய்வு தராமல், தண்டத்தை ஒழிக்காமல், கையெழுத்தை மட்டும் போட்டால், வலி எங்கே போகும்?

மராட்டியத்துக் கதை நமக்கெதற்கு என்று எவரேனும் எண்ணினால், அந்தத் தீர்ப்பு தமிழகத்தையும் சேர்த்தே கட்டுகிறது என்பதை நினைவூட்டுகிறேன். இங்கும் 2009 முதல் அரசின் காப்பீட்டு அட்டை ஏழை வீட்டுப் பெட்டியிலே இருக்கிறது. அட்டை வேண்டாமென்று சொல்பவனல்லன் நான். அட்டை கத்திக்கு மட்டும் திறவுகோலாய் இராமல், மாத்திரைக்கும் சோதனைக்கும் திறவுகோலாக வேண்டும் என்கிறேன். கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் தெருவிலே ஒரு தாய், ஒரு தங்கை, 'கருப்பையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்' என்று கலங்கி நின்றால், அறிவுரை சொல்லத் தொடங்காதீர்கள்; நாம் மருத்துவரல்ல. குருதி பெருகிக்கொண்டிருந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள். அப்படியில்லையானால், அவரை அரசு மருத்துவமனைப் பெண்ணோய் மருத்துவரிடம் மறுமுறை காட்டுங்கள். சோதனைத் தாள்களைக் கையோடு கேட்டு வாங்கச் சொல்லுங்கள். என்ன நோய், எந்தச் சோதனையால் தெரிந்தது, மருந்தால் ஆகாதா, சூற்பையையும் எடுப்பீர்களா - இந்த நான்கு கேள்விகளையும் அவரே கேட்கட்டும். நீங்கள் உடன் நில்லுங்கள், போதும்.

மாவட்டச் செயலாளர்களுக்கும் ஒன்று. உங்கள் மாவட்டத்திலே அந்தக் கண்காணிப்புக் குழு அமைந்திருக்கிறதா? யார் யார் அதிலே இருக்கிறார்கள்? இதுவரை எத்தனை முறை கூடினார்கள்? 40 வயதுக்குக் கீழே எத்தனை பெண்களுக்குக் கருப்பை எடுக்கப்பட்டது, எத்தனை அறுவை அரசு மருத்துவமனையில், எத்தனை தனியாரிடத்தில்? தௌசாவிலே ஒரு தனிமனிதர் கேட்டுப் பெற்ற கணக்கை, கொடி பிடித்த நாம் கேட்டுப் பெற முடியாதா? அடுத்த மாதக் கூட்டத்துக்குள் எழுதிக் கேளுங்கள். வந்த விடையை இந்த ஏட்டுக்கு அனுப்புங்கள். வராவிட்டால், எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதை அனுப்புங்கள். அதையும் அச்சிடுவோம்.