கேமரா புதிது, படம் நிலைக்குமா?

பல வீடுகளில் பீரோவுக்குள் ஒரு கல்யாணக் கேசட் இருக்கிறது. அதில் தாத்தா சிரிக்கிறார். பாட்டி ஆரத்தி எடுக்கிறார்.

ஆனால், அதைப் போட்டுப் பார்க்க முடியவில்லை. கேசட்டை ஓட்டும் மெஷின் வீட்டில் இல்லை. கடையிலும் இல்லை!

புதிதாக வீடியோ கேமரா வாங்க நினைப்பவர்கள் முதலில் அந்தக் கேசட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் ஒரு பாடம் இருக்கிறது.

இரு கேசட்டுகளின் போட்டி

ஜப்பான் நாட்டு சோனி கம்பெனி 1975-ம் ஆண்டு "பீட்டாமாக்ஸ்" என்ற வீடியோ கேசட்டைக் கொண்டு வந்தது. மறு ஆண்டே, ஜே.வி.சி. என்ற இன்னொரு ஜப்பானியக் கம்பெனி "வி.எச்.எஸ்." கேசட்டை வெளியிட்டது.

ஒன்றின் கேசட் மற்றதன் மெஷினுக்குள் நுழையாது. ஆகவே, போட்டி மூண்டது.

ஜெயித்தது வி.எச்.எஸ்.! ஏன்?

தொடக்கத்தில் பீட்டாமாக்ஸ் கேசட்டில் 1 மணி நேரம்தான் பதியலாம். வி.எச்.எஸ். கேசட்டில் 2 மணி நேரம் பதியலாம். மேலும், ஜே.வி.சி. தன் முறையைப் பல கம்பெனிகளுக்கும் கொடுத்தது. பலர் தயாரித்ததால் விலை இறங்கியது.

கேமராவிலும் இதே கதைதான். 1983-ம் ஆண்டு வந்த பீட்டாமாக்ஸ் கேமரா, படம் எடுக்கும். ஆனால் எடுத்ததை ஓட்டிக் காட்டாது! மறு ஆண்டு வந்த ஜே.வி.சி. கேமராவோ, எடுத்த படத்தை உடனே காட்டியது.

கடைசியில், 1988-ம் ஆண்டு சோனி கம்பெனியே வி.எச்.எஸ். மெஷின் செய்யத் தொடங்கியது.

வென்றதும் மறைந்தது

பீட்டாமாக்ஸ் கேசட் தயாரிப்பு 2016 மார்ச் மாதம் நின்றது. அதே ஆண்டு ஜூலையில், வி.எச்.எஸ். மெஷின் செய்துவந்த புனாய் கம்பெனியும் தயாரிப்பை நிறுத்தியது.

தோற்றதும் போயிற்று, வென்றதும் போயிற்று. நஷ்டம் யாருக்கு? வீட்டில் கேசட் வைத்திருப்பவர்களுக்கு!

இன்று எது நல்லது?

இப்போது நாடா கிடையாது. தபால் தலை அளவுள்ள மெமரி கார்டில் படம் பதிகிறது. ஆனாலும், பதியும் முறைகள் பல உண்டு.

"எச்.264" என்ற முறையில் பதிந்த "எம்.பி.4" படம், அநேகமாக எல்லா செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடும். "எச்.265" என்பது புதியது. அதற்கு இடம் குறைவாகப் போதும். ஆனால், பழைய கம்ப்யூட்டர்கள் அதைக் கண்டு திணறும்.

நாலு பேர் வீட்டிலும் ஓடும் முறையே குடும்பத்துக்கு ஏற்றது.

4கே வேண்டுமா?

"4கே" படம் மிகத் தெளிவானது. ஆனால், இடத்தைத் தின்னும். விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிந்தால், 1 மணி நேரத்துக்கு 45 ஜி.பி. வேண்டும். 64 ஜி.பி. கார்டு ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது.

அதற்கு அடுத்த தரமான "புல் எச்.டி."யில் விநாடிக்கு 20 மெகாபிட் வீதம் பதிந்தால், 1 மணி நேரத்துக்கு 9 ஜி.பி. போதும். அதே கார்டில் 7 மணி நேரம் எடுக்கலாம். கல்யாணமே அடங்கிவிடும்!

கடையில் கேளுங்கள்

நல்ல செல்போன் இருந்தால், குழந்தையின் முதல் நடைக்கு அதுவே போதும். பள்ளி நாடகம், கச்சேரி என்று தூரத்தில் இருந்து வெகு நேரம் எடுப்பவர்களுக்குத்தான் தனிக் கேமரா தேவை. அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. எம்.பி.4, எச்.264 முறையில் பதியுமா?

2. தூரத்தை லென்சே கிட்டக் கொண்டு வருமா? படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் தெளிவு கெடும்.

3. நிற்காமல் எவ்வளவு நேரம் பதியும்? சில கேமராக்கள் 30 நிமிடத்துக்குள் நின்றுவிடும். தாலி கட்டும் நேரத்தில் நின்றால் என்ன செய்வது?

4. தனி மைக் சொருக இடம் உண்டா?

பழைய கேசட்டுக்கு வழி

காந்த நாடாக்களை ஓட்டும் மெஷின்கள் அருகி வருவதை, யுனெஸ்கோவின் திட்டம் ஒன்று 2019-ம் ஆண்டிலேயே எச்சரித்தது. ஆகவே, கல்யாணக் கேசட் இருந்தால் தாமதிக்க வேண்டாம். மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்து, எம்.பி.4 ஆக மாற்றி வாங்குங்கள். புதிய கேமராவைவிட அந்தச் செலவே முக்கியம்.

மாற்றிய படத்தையும், புதிதாக எடுக்கும் படத்தையும் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில். மற்றொன்று அண்ணன் வீட்டிலோ, தங்கை வீட்டிலோ இருக்கட்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுத்து ஓட்டிப் பாருங்கள். முறை மாறினால், படத்தையும் மாற்றிவிடுங்கள்.

கேமரா பழுதானால் வேறு வாங்கலாம். தாத்தாவின் சிரிப்பை எந்தக் கடையில் வாங்குவது?